பெஞ்சில் 14 வோல்ட், வண்டியில் 12.6

எங்கள் மினி டிராக்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய சமதரையில் நான்கு பேர் வேண்டும். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டில் நிறுத்தியிருந்தால் ஒருவரே போதும். டாப் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக்கை எடுத்தால் வண்டி தானாக இறங்கும். பாதி இறக்கத்தில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். போன பொங்கலிலிருந்து மே கடைசி வரை அந்த மேடுதான் எங்களுக்கு செல்ஃப் மோட்டார்.

மொரப்பூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு மே மாதம் என்றால் என்னவென்று தெரியும். பெங்களூரா, செந்தூரா என்று ஒவ்வொன்றாக வெட்டுக்கு வரும். பறித்த காயை வெயில் ஏறுவதற்குள் மண்டியில் சேர்க்க வேண்டும் என்றால் விடியற்காலை நாலு மணிக்கு டிரெய்லர் நகர வேண்டும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். காய் ஏற்றிய டிரெய்லரோடு வண்டியை மேட்டில் நிறுத்தவும் முடியாது. ஆட்களை எழுப்பித் தள்ளச் சொல்வது எனக்குப் பெரிய மனக்கஷ்டமாக இருந்தது. முந்தின நாள் முழுக்க மரத்தில் ஏறி இறங்கியவர்கள் அவர்கள்.

இதில் நான் செய்த தவறுகளையும், கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்பதையும் விவரமாகவே எழுதுகிறேன். ஒரு நல்ல பேட்டரியை வீணாகக் கொடுத்துவிட்டேன். இதைப் படிக்கிற ஒருவராவது அப்படிக் கொடுக்காமல் இருந்தால் எழுதியதற்குப் பலன் உண்டு.

முதலில் ஒன்று. எங்களுடையது ஸ்டாப் லிவரை இழுத்து நிறுத்துகிற பழைய டீசல் வண்டி. அந்த மாதிரி எஞ்சின் ஒருமுறை பிடித்துவிட்டால் அதற்குக் கரண்ட்டே தேவையில்லை. பெட்ரோல் வண்டி என்றால் தீப்பொறி வேண்டும். பேட்டரி இறங்க இறங்க இருமும், நின்றுபோகும், காட்டிக்கொடுத்துவிடும். டீசலில் காற்றை அழுத்துகிற சூட்டிலேயே எண்ணெய் எரிகிறது. ஆல்டர்னேட்டர் செத்துக் கிடந்தாலும் நாள் முழுக்க ரோட்டவேட்டர் ஓட்டலாம், மருந்து அடிக்கலாம். மறுநாள் காலை சாவியைத் திருப்பும்போதுதான் தெரியும். அதனால்தான் பழி நேராகப் பேட்டரி மேல் விழுகிறது. சார்ஜ் ஏற்றுகிற பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் பேட்டரி முதன்முறை இறங்கியது. இரண்டு வருஷப் பழைய 60 ஏ.எச். பேட்டரி. “ரெண்டு வருஷம் ஓடிருச்சில்ல, அவ்ளோதான்” என்று நாங்களே முடிவுகட்டி, பழையதை எடைக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினோம். புதுசு போட்டதும் செல்ஃப் பிரமாதமாக அடித்தது. ஆறு வாரம் சும்மா இருந்தது, மறுபடியும் ‘டிக்’. கேரண்டிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, மறுநாள் ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை வைத்துக் காட்டினார். ஆறு செல்லும் 1.260-க்கு மேலே. “பேட்டரியில ஒண்ணுமில்லீங்க, உங்க வண்டியப் பாருங்க” என்றார். அவர் சொன்னது சரி. எடைக்குப் போன முதல் பேட்டரியையும் இப்படி ஒரு ராத்திரி சார்ஜில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கொடுத்தோம். கார்பன் பிரஷ் மாற்றினார்கள், பேரிங் மாற்றினார்கள், பெஞ்சில் மோட்டார் வைத்துச் சுற்றி என் கண் முன்னாலேயே 14 வோல்ட்டுக்கு மேல் காட்டினார்கள். சந்தோஷமாகக் கொண்டுவந்து மாட்டினோம். ஃபேன் பெல்ட்டும் புதுசு. விரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போகிற அளவுக்கு இழுத்துக் கட்டினோம். டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சாவி போட்டதும் எரிந்தது, எஞ்சின் பிடித்ததும் அணைந்தது. எல்லாம் ஒழுங்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் மேட்டுக்குப் போனோம்.

அரூர் போகிற ரோட்டில், லாரி, டிராக்டர் ஒயரிங் வேலையை நாற்பது வருஷமாகச் செய்துவந்து இப்போது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்குப் பழக்கம். பேர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தேன். கையில் ஒரு மல்டிமீட்டர், பழைய துணியில் சுற்றிய டெஸ்ட் லைட். இவ்வளவுதான்.

வந்ததும் ஸ்பானரை எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேள்விதான் கேட்டார்.

“தம்பி, லைட்டப் போட்டுக்கிட்டு ஆக்சிலேட்டர ஏத்துனா வெளிச்சம் கூடுதா?”

நான் யோசித்தேன். கூடவில்லை. எத்தனையோ ராத்திரி அந்த வெளிச்சத்தில்தான் தோப்புக்குள் வண்டி ஓட்டியிருக்கிறேன். மங்கலாகவே இருக்கும், எஞ்சினை ஏற்றினாலும் அப்படியே இருக்கும். சார்ஜ் ஏறுகிற வண்டியில் ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் ஹெட்லைட் பளிச்சென்று ஆகும். கண்ணெதிரே இத்தனை நாள் இருந்த சாட்சி அது.

“எத்தன லைட்டு போட்டிருக்க?”

முன்னால் இரண்டு, பின்னால் ரோட்டவேட்டர் தெரிவதற்கு ஒன்று. மூன்றும் 55 வாட். அவர் மனக்கணக்காகவே சொன்னார்: ஒன்றுக்கு நாலரை ஆம்பியர் வைத்தாலும் மூன்றுக்கும் சேர்த்து 14 ஆம்பியர் ஆகிறது, ஏற்றம் சரியில்லாவிட்டால் 60 ஏ.எச். பேட்டரி நாலு மணி நேரத்தில் காலி. செல்ஃப் அடிப்பதற்குப் போகிற கரண்ட் அதிகம்தான், ஆனால் ஐந்து நொடி விவகாரம். ஆல்டர்னேட்டர் சரியாக இருந்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் திரும்ப வந்துவிடும். பேட்டரியை உண்மையில் தின்பது லைட்தான்.

அப்புறம் மீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓடாமல் பேட்டரியில் 12.3. நிறைந்த பேட்டரி ராத்திரி சும்மா கிடந்த பிறகு 12.6-க்கு மேல் காட்ட வேண்டும்; 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கச் சொல்லி முள்ளைப் பார்த்தார், 10.4-க்கு இறங்கி நின்றது. பத்துக்குக் கீழே போகவில்லை, அதனால் பேட்டரியும் செல்ஃபுக்குப் போகும் கனத்த ஒயர்களும் தப்பு செய்யவில்லை என்றார். எஞ்சின் ஓட, மூன்று லைட்டும் எரிய, ஆக்சிலேட்டரை நடுவில் வைத்துக்கொண்டு மறுபடியும் பேட்டரியில் பார்த்தார். 12.6. நல்ல வண்டியில் 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நானாக இருந்தால் ஆல்டர்னேட்டர் மறுபடியும் போச்சு என்று கழற்றியிருப்பேன். அவர் மீட்டரின் ஒரு ஒயரை ஆல்டர்னேட்டரின் பின்பக்க பி-பிளஸ் போல்ட்டிலும், இன்னொன்றை ஆல்டர்னேட்டரின் உடம்பிலேயே கொஞ்சம் சுரண்டியும் வைத்தார். 14.3!

நான் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். அதே மீட்டர், அதே நேரம், ஓடிக்கொண்டிருக்கும் அதே வண்டி. ஆல்டர்னேட்டரில் 14.3 பிறக்கிறது, ஒன்றரை முழம் தள்ளி இருக்கிற பேட்டரியில் 12.6 தான் வந்து சேர்கிறது. நடுவில் 1.7 வோல்ட்டை எதுவோ தின்கிறது.

“எங்க தின்னுதுன்னு அதையே கேப்போம்” என்று சொல்லி, மீட்டரின் ஒரு நுனியை ஆல்டர்னேட்டர் பி-பிளஸ்ஸிலும் மறு நுனியை பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தார். பிளஸ்ஸுக்கு பிளஸ். பார்க்க அர்த்தமில்லாத காரியம் போலத்தான் இருந்தது எனக்கு. 0.2 காட்டியது. சிவப்பு ஒயர் சுத்தம். அடுத்து ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸ் கம்பத்துக்கு. 1.5. அங்கே இருக்க வேண்டியது கிட்டத்தட்ட பூஜ்யம், 0.2-க்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும்.

இந்த ஒரு சோதனைக்காகத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். கரண்ட் ஓடும்போது ஒரு நல்ல கம்பியின் இரண்டு முனைக்கும் நடுவே வோல்ட் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இரண்டு முனைக்குள் எங்கேயோ அடைப்பு. வாய்க்காலில் தலைமடைக்கும் கடைமடைக்கும் நடுவில் எந்த இடத்தில் தண்ணீர் எகிறி நிற்கிறதோ அங்கேதான் மண் விழுந்திருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. லைட்டை எரியவிட்டு எஞ்சினை ஓட்டித்தான் இதைப் பார்க்க வேண்டும். கரண்ட் ஓடாத ஒயர் எல்லாமே நல்ல ஒயராகத்தான் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ‘பீப்’ சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அப்புறம் அவர் எஞ்சின் பிளாக்கில் நுனியை வைத்தார். பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பிளாக்குக்கும் நடுவேதான் முழு 1.5-ம். அதாவது ஆல்டர்னேட்டரைத் தாங்குகிற இரும்பு பிராக்கெட்.

“இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வண்டிக்கு முழுசாகப் பெயிண்ட் அடித்தோம். ஆசையாகச் செய்தது அது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, துருவேறிக் கிடந்தது. குடும்பமே சேர்ந்து உப்புத்தாள் தேய்த்தோம். பிராக்கெட்டைக் கழற்றி, நாலு பக்கமும் இரண்டு கை அடித்து, நன்றாகக் காயவைத்து மாட்டியது நான்தான்.

ஆல்டர்னேட்டருக்குத் தனியாக மைனஸ் ஒயர் கிடையாது. அதன் உடம்பு பிராக்கெட்டைத் தொட்டு, பிராக்கெட் பிளாக்கைத் தொட்டு, அந்தத் தொடல்தான் எர்த். நான் அந்த இரண்டு தொடலுக்கும் நடுவில் பெயிண்ட்டைப் பூசியிருந்தேன். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்து போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மழையில் அந்த மரையும் துருவேற, ஜனவரிக்குள் பாதை இன்னும் குறுகிவிட்டது. செல்ஃப் மோட்டார் வேறு இடத்தில் பிளாக்கோடு நேராக உட்கார்ந்திருப்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. பெஞ்சில் வைத்துச் சுற்றும்போது எர்த் கிளிப்பை ஆல்டர்னேட்டர் உடம்பிலேயே மாட்டுகிறார்கள். அங்கே 14 காட்டாமல் என்ன செய்யும்?

சார்ஜ் விளக்கு ஏன் பொய் சொன்னது என்று கேட்டேன். பொய் சொல்லவில்லை என்றார். அந்த விளக்கின் ஒரு கால் சாவி வழியாக பேட்டரி பிளஸ்ஸில், இன்னொரு கால் ஆல்டர்னேட்டரில். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வோல்ட் இருந்தால் விளக்கு அணைந்துவிடும். கோளாறு எர்த் பக்கம் இருந்ததால் அந்த இரண்டு காலுக்கும் நடுவே 0.2 தான் வித்தியாசம். ஆல்டர்னேட்டர் மின்சாரம் கொடுக்கிறது என்றுதான் அந்த விளக்கு சொல்லும். அது பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது. இன்னொரு விஷயமும் சொன்னார். நிறைய ஆல்டர்னேட்டர்களில் முதல் காந்தத்தை எழுப்புகிற கரண்ட்டே அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் ஆல்டர்னேட்டரே எழும்பாது. சாவியைப் போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்ப்பது நல்லது.

வேலை இருபது நிமிஷம். பேட்டரி மைனஸை முதலில் கழற்றினோம். இந்த வரிசை முக்கியம்: கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில், இல்லையென்றால் பிளஸ்ஸைக் கழற்றுகிற ஸ்பானர் பாடியில் பட்டால் தீ பறக்கும். பிராக்கெட்டை எடுத்து, பிளாக்கைத் தொடுகிற முகத்தையும் ஆல்டர்னேட்டர் காது உட்காருகிற முகத்தையும் வெள்ளி மாதிரி மின்னும்வரை எமரி தேய்த்தேன். போல்ட்டுகளைப் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்து இறுக்கி, அதற்கு மேல் துரு பிடிக்காமல் இருக்க வேசலின். கூடவே ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பிளாக்குக்கு ஒரு கனத்த ஒயரும் தனியாகக் கொடுத்தார். எஞ்சினை ஓட்டி, லைட்டைப் போட்டு, பேட்டரியில் வைத்துப் பார்த்தால் 14.0. ஆக்சிலேட்டரை ஏற்றினேன். தோப்புக்குள் முதல் வரிசை மாமரம் வரை வெளிச்சம் போனது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

டீ குடிக்கும்போது பெரியவர் டைனமோ காலத்துக்குப் போய்விட்டார். அவர் தொழில் கற்றபோது டிராக்டர்களில் ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோவும் கட்-அவுட்டும்தான். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தயாரிப்புகளைக் கழற்றி மாட்டித்தான் கை பழகியதாம். இன்றும் நம் பக்கத்தில் டைனமோவோடு ஓடும் பழைய டிராக்டர்கள் இருப்பதால் அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன். டைனமோவின் பின்னால் டி, எஃப் என்று இரண்டு முனை. இரண்டிலும் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, இரண்டு முனையையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டி, மீட்டரை அதற்கும் பாடிக்கும் வைத்து, எஞ்சினை மெதுவாக ஏற்ற வேண்டும். வோல்ட் தயங்காமல் 20-ஐ நோக்கி ஏறினால் டைனமோ நல்லது. கோளாறு கட்-அவுட்டிலோ ஒயரிலோதான். 20-க்கு மேல் ஏற்றக் கூடாது. ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால் ஃபீல்டு காயில், நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். ரொம்ப நாள் சும்மா நின்ற டைனமோவில் காந்தம் மங்கிப்போயிருக்கும். எஃப் முனையில் பேட்டரி கரண்ட்டை ஒரு நொடி தொட்டு எடுத்தால் விழித்துக்கொள்ளும்.

அவர் பேசப் பேச எனக்கு மொரப்பூர் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ராத்திரி ரயிலுக்குக் காத்திருப்போம். அந்த நீலப் பெட்டிகளுக்கு அடியிலும் சக்கர அச்சோடு பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டரைச் சுற்றி, தொங்கும் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவார்கள். வண்டி நின்றால் உள்ளே எரிவது பேட்டரி வெளிச்சம். பேட்டரி பலவீனமான பெட்டி ஸ்டேஷனில் நிற்கும்போது மங்கிப்போய், கிளம்பி வேகம் எடுத்ததும் பளிச்சென்று ஆகும். பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதானே.

ஒரு பழக்கத்தை மட்டும் எல்லோரும் விட வேண்டும் என்று அவர் கறாராகச் சொன்னார். ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, எஞ்சின் நிற்காமல் ஓடினால் சார்ஜ் ஏறுகிறது என்று முடிவுகட்டுவது. நம் ஊரில் இதைச் செய்யாத ஆள் குறைவு. நானும் மார்ச்சில் செய்தேன். டீசல் எஞ்சின் எப்படியும் நிற்காது, அதனால் அதில் தெரிந்துகொள்ள எதுவுமில்லை. ஆனால் ஆல்டர்னேட்டரில் பேட்டரி என்கிற தாங்கல் போனதும் வோல்ட் எகிறி உள்ளே இருக்கும் டயோடுகளைக் கொன்றுவிடும். டிராக்டரிலோ, அதோடு மாட்டியிருக்கிற டிரெய்லரிலோ வெல்டிங் வைக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்வதும் அந்த டயோடுகளுக்காகத்தான்.

டயோடு ஒழுகினால் இன்னொரு விதத்தில் பேட்டரி இறங்கும்: பகலில் நன்றாகச் சார்ஜ் ஏறும், ராத்திரி நிற்கும்போது ஆல்டர்னேட்டர் வழியாகவே வடிந்துவிடும். சாவி எடுத்த வண்டியில் மைனஸ் ஒயரைக் கழற்றி, கம்பத்துக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்த்தால் தெரியும். நம் பழைய வண்டிகளில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, அதனால் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் கொஞ்சம் காட்டியது; பாட்டுப் பெட்டியை நேராக பேட்டரியில் கொடுத்திருந்தோம். சாவி வழியாக மாற்றிவிட்டோம். (மீட்டரை இப்படி வைத்துக்கொண்டு யாரும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் எரிந்துவிடும்.)

தண்ணீர் விஷயமும் உண்டு. அவசரத்துக்குப் போர் தண்ணீரை பேட்டரியில் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டுத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தண்ணீர் விட்டார்கள். போர் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் பேட்டரி தட்டுகளுக்கு எமன். ஒகேனக்கல் தண்ணீரும் குடிக்கத்தான், பேட்டரிக்கு இல்லை. கடையில் கிடைக்கிற டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், தட்டு மூழ்கி அதற்கு மேல் கொஞ்சம் நிற்கிற அளவுக்கு. அடிக்கடி தண்ணீர் குறைந்தால் அதுவும் ஒரு அறிகுறி: ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேல் ஏறிக் கொதிக்கிறது என்று அர்த்தம்.

கிளம்பும்போது பெரியவர் கூலியாக எதுவும் வாங்க மறுத்துவிட்டார். ஒரு கூடை செந்தூராவை மட்டும் ஏற்றுக்கொண்டார். மறுநாளே ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். எடைக்குப் போட்ட பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வாரம் ஒருமுறை அப்பாதான் இப்போது அளக்கிறார். கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் தேதியும் வோல்ட்டும் எழுதி வைக்கிறார். ஜூனிலிருந்து ஒருநாளும் 12.5-க்குக் கீழே இறங்கவில்லை.

இந்த ஆயுத பூஜைக்கும் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தோம். பானெட், மட்கார்டு, சக்கரம் எல்லாம். எஞ்சின் பக்கம் வந்ததும் அப்பா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிராக்கெட், எர்த் போல்ட், பேட்டரி டெர்மினல் மூன்றையும் பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். பூஜையன்று அந்த பிராக்கெட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும் வைத்தோம்.